256 விசிபியு எடுத்தும் கணக்கு ஏன் மெதுவாக ஓடுகிறது?

"கிளவுட் எச்பிசிக்கு லாயக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அதாவது பல கோர்களைச் சேர்த்துப் பெரிய கணக்கு போடும் உயர்திறன் கணினி வேலைக்கு. நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களைப் படித்தால் உண்மையான கேள்வி இன்னும் குறிப்பானது. 1.2 கோடி செல் (மெஷ் எனும் வலையின் சிறு கட்டங்கள்), 20,000 காலப்படி கொண்ட ஓப்பன்ஃபோம் (பாய்ம ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) கணக்கு உங்கள் ஆய்வகத்தில் 128 கோரில் 6 மணி நேரத்தில் முடிகிறது. அங்கே இன்ஃபினிபேண்ட் என்ற அதிவேக நெட்வொர்க்கால் இணைந்த நான்கு நோடுகள் (கணினிகள்), ஒவ்வொன்றிலும் 16 கோர் கொண்ட இரண்டு இன்டெல் ஜியான் சில்லுகள். அதே கணக்கைக் கிளவுடில் 32 விசிபியு (கிளவுட் நிறுவனம் எண்ணிக் கொடுக்கும் மெய்நிகர் சிபியு) கொண்ட எட்டு பொதுப்பயன் இன்டெல் மெஷின்களில் 256 ரேங்காக (ஒரே நேரத்தில் ஓடும் துண்டுகளாக) பிரித்து ஓட்டியபோது 11 மணி நேரம் ஆகியிருக்கிறது. கோர் இரட்டிப்பானது, நேரமும் கிட்டத்தட்ட இரட்டிப்பானது, ஏன்? கூடவே, ஸ்பாட் விலையில் (நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளக்கூடிய மலிவு மெஷினில்) ஓட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பொதுக் கேள்விக்கு ஒரு வரியே போதும். உலகின் அதிவேகக் கணினிகளை வரிசைப்படுத்தும் டாப்500இன் 2023 நவம்பர் பட்டியலில் மூன்றாம் இடம் மைக்ரோசாஃப்ட் அஸ்யூரின் ஈகிள் என்ற அமைப்புக்கு, 561 பெட்டாஃபிளாப்ஸ். ஒரு சர்வரைப் பல மெஷின்களாகப் பங்கிடும் மெய்நிகராக்கம் இங்கே குற்றவாளி இல்லை. எந்த மெஷினை, எந்த நெட்வொர்க்கோடு, எந்த வட்டோடு எடுத்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: நீங்கள் இரண்டு மடங்கு கோர் எடுக்கவே இல்லை. இன்டெல் சில்லு உள்ள பொதுப்பயன் மெஷின்களில் ஒரு விசிபியு என்பது ஒரு ஹைப்பர்த்ரெட், அதாவது ஒரே கோர் தன்னை இரண்டாகக் காட்டிக்கொள்வதில் ஒன்று. ஒரு கோருக்கு இரண்டு. ஆக 256 விசிபியு என்பது 128 கோர்தான், உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் அதே எண்ணிக்கை. (ஆர்ம் சில்லான கிராவிட்டானிலும், எச்பிசிக்கென்றே விற்கும் வகைகளிலும் இப்படி இல்லை, அங்கே ஒரு விசிபியு ஒரு முழுக் கோர்.) வெப் சர்வர் மாதிரி அடிக்கடி காத்திருக்கும் வேலைக்கு ஹைப்பர்த்ரெட் உதவும். பாய்ம இயக்கவியல் கணக்கோ இடைவிடாமல் மெமரியிலிருந்து எண்களை இழுத்துக்கொண்டே இருப்பது. ஒரே கோரில் இரண்டு ரேங்க் உட்கார்ந்தால் இரண்டும் ஒரே கணக்கீட்டு அலகையும் ஒரே கேஷையும் (சில்லுக்குள் இருக்கும் சிறு வேக மெமரியையும்) பங்குபோட்டுக்கொள்ளும். லாபம் ஏறக்குறைய பூஜ்யம். ரேங்க் எண்ணிக்கை இரட்டித்ததால் பரிமாறவேண்டிய எல்லைத் தரவும் செய்திகளும் கூடியதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் உறுதியாக விலக்கிவிடலாம். கணக்கை மிகச் சிறு துண்டுகளாக நறுக்கியதால் வந்த மந்தம் இல்லை இது. 1.2 கோடியை 256 ஆல் வகுத்தால் ரேங்குக்குச் சுமார் 47,000 செல். ஓப்பன்ஃபோமில் ரேங்குக்கு 20,000 செல்லுக்குக் கீழே போனால்தான் தகவல் பரிமாற்றம் கணக்கீட்டை விழுங்கத் தொடங்கும் என்பது பொதுவான அனுபவ அளவு. நீங்கள் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறீர்கள்.

இவ்வளவுதான் உங்கள் விவரங்களிலிருந்து நேராகச் சொல்லக்கூடியது. ஹைப்பர்த்ரெட்டை வைத்து 6 மணி ஏன் 6 மணிக்குக் கீழே போகவில்லை என்று விளக்கலாமே தவிர, 11 ஆனதை முழுதாக விளக்க முடியாது. மீதி ஐந்து மணி நேரத்துக்கு மூன்று சந்தேக நபர்கள்: மெமரி அலைவரிசை, நெட்வொர்க், வட்டு. எதன் பங்கு எவ்வளவு என்பதை அளக்காமல் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் எவ்வளவு தின்னக்கூடும் என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் மெமரி. இந்த வகைக் கணக்கில் வேகத்தை நிர்ணயிப்பது கோரின் கடிகார வேகத்தைவிட ஒவ்வொரு கோருக்கும் வினாடிக்கு எத்தனை ஜிபி மெமரியிலிருந்து வருகிறது என்பதே. உங்கள் நோடுகளில் சில்லுக்கு ஆறு மெமரி சேனல், 2666 வேகம் (வினாடிக்கு 266.6 கோடி முறை) என்கிறீர்கள். ஒரு சேனல் ஒரு முறைக்கு 8 பைட் தரும், எனவே சில்லுக்குச் சுமார் 128 ஜிபி, நோடுக்கு 256, நான்கு நோடுக்கும் சேர்த்து 1,024 ஜிபி. கோருக்கு 8 ஜிபி. இது ஏட்டளவு உச்சம், நடைமுறையில் இதில் எழுபத்தைந்து முதல் எண்பது சதவீதம் கிடைக்கும். கிளவுடில் நீங்கள் எடுத்த 32 விசிபியு மெஷின் ஒரு பெரிய சர்வரின் துண்டு. கோர்களை உங்களுக்கென்று ஒதுக்கியிருப்பார்கள். மெமரி சேனல்களை ஒதுக்குவதில்லை. அதே சில்லின் மறுபாதியில் வேறொருவர் மெமரியை உறிஞ்சிக்கொண்டிருந்தால் உங்கள் பங்கு குறையும். எட்டு மெஷினில் ஒன்றுக்கு மட்டும் இப்படி நேர்ந்தாலும் போதும், மற்ற ஏழும் ஒவ்வொரு காலப்படியிலும் அதற்காகக் காத்திருக்கும். ஊர் கூடி இழுக்கும் தேரில் ஒரு சக்கரம் சிக்கினால் தேர் நிற்கும், அதே கதைதான்.

அடுத்தது நெட்வொர்க். இங்கே பெரும்பாலோர் அலைவரிசையைப் பார்த்து ஏமாறுகிறார்கள். முக்கியம் தாமதம். அழுத்தச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது பிசிஜி என்ற தீர்வு முறையில் ஒவ்வொரு சுற்றிலும் எல்லா ரேங்குகளின் எண்களையும் கூட்டும் வேலை சுமார் மூன்று முறை வரும். காலப்படிக்கு 100 சுற்று என்று வைத்தால் 20,000 படிக்கு 60 லட்சம் கூட்டல். எட்டு மெஷினுக்கு இடையே ஒரு கூட்டல் மூன்று கட்டமாக நடக்கும். இன்ஃபினிபேண்டில் கட்டத்துக்கு 2 மைக்ரோவினாடி என்றால் மொத்தம் 36 வினாடி. சாதாரண நெட்வொர்க் நெறிமுறையான டிசிபியில் கட்டத்துக்கு 50 மைக்ரோவினாடி என்றால் 15 நிமிடம். ஐந்து மணி நேரத்தின் முன் 15 நிமிடம் பெரிதில்லைதான். ஆனால் அழுத்தத்துக்கு ஜிஏஎம்ஜி தீர்வியைப் பயன்படுத்தினால் கதை மாறும். அது மெஷ்ஷைப் பல நிலைகளாகச் சுருக்கி, ஒவ்வொரு நிலையிலும் அண்டை ரேங்குகளோடு துண்டு துண்டாகப் பேசும். மிகச் சுருங்கிய நிலையில் கணக்கு ஒன்றுமில்லை, பேச்சு மட்டும்தான். இந்த வழியில் பரிமாற்றம் பத்து மடங்கானால் 15 நிமிடம் இரண்டரை மணி நேரமாகிவிடும். இது மதிப்பீடு. உங்கள் தீர்வியின் அமைப்பைப் பார்க்காமல் இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல வழியில்லை.

பொதுப்பயன் மெஷின்களில் இன்னொரு பொறியும் உண்டு. நெட்வொர்க் வேகத்துக்கு முன்னால் "அதிகபட்சம்" என்று போட்டிருந்தால் அது நிரந்தர வேகம் அல்ல. அமேசானில் அத்தகைய மெஷினுக்கு ஓர் அடிப்படை வேகமும், சேமித்த வரவு தீரும்வரை மட்டும் கிடைக்கும் உச்ச வேகமும் உண்டு. ஐந்து நிமிடச் சோதனையில் எல்லாம் நன்றாக இருக்கும், பிறகு வேகம் இறங்கும். உங்கள் பதிவுக் கோப்பில் முதல் 500 காலப்படிக்கான நேரத்தையும் கடைசி 500க்கான நேரத்தையும் ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

மூன்றாவது வட்டு. தலைமை மெஷினின் சாதாரண வட்டை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) வழியாக எல்லோருக்கும் பகிர்ந்திருக்கிறீர்கள், 100 முறை முடிவுகளை எழுதுகிறீர்கள், எட்டுப் புலங்கள் (வேகம், அழுத்தம் போன்ற அளவுகள்). ரேங்குக்கு ஒரு கோப்புறை என்ற இயல்பான அமைப்பில் இது 256 பெருக்கல் 8 பெருக்கல் 100, அதாவது 2,04,800 கோப்பு. என்எஃப்எஸ்ஸில் ஒரு சிறு கோப்பை உருவாக்கி மூட 5 மில்லிவினாடி என்றால் 17 நிமிடம் கோப்பு திறந்து மூடுவதிலேயே போகும். தரவின் அளவு ஒருமுறைக்குச் சுமார் 1 ஜிபி, மொத்தம் 100 ஜிபி. அமேசானின் ஜிபி3 (gp3) வகை வட்டை மாற்றாமல் அப்படியே விட்டால் வினாடிக்கு 125 எம்பிதான் தரும், அதில் இன்னொரு 13 நிமிடம். ஆக அரை மணி நேரம், கிட்டத்தட்ட முழுவதும் தவிர்க்கக்கூடியது. ஓப்பன்ஃபோமில் கொலேட்டட் என்ற எழுதும் முறையை இயக்கினால் எல்லா ரேங்கின் தரவும் ஒரு புலத்துக்கு ஒரே கோப்பாகச் சேர்ந்துவிடும்; கோப்பு எண்ணிக்கை 800 ஆகக் குறையும். பைனரி வடிவத்தில் எழுதுங்கள். சோதனைக்காகப் போட்ட தேவையில்லாத புலங்களையும், ஒவ்வொரு படியிலும் வட்டைத் தொடும் கண்காணிப்புச் செயல்களையும் அணைத்துவிடுங்கள்.

எதன் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க நான்கு அளவீடு போதும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் ஒரு மெஷின், பிறகு இரண்டு, கடைசியில்தான் எட்டு. எட்டையும் ஒன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டுக் காரணம் தேடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

ஒரே மெஷினில், 15 லட்சம் செல் கொண்ட சிறிய மெஷ்ஷை 32 ரேங்கிலும் 16 ரேங்கிலும் 200 காலப்படி ஓட்டுங்கள். 16இல் அதே நேரமோ குறைவாகவோ ஆனால் ஹைப்பர்த்ரெட் விஷயம் நிரூபணமாகிவிட்டது. ஓர் எச்சரிக்கை: 16 ரேங்க் ஓட்டும்போது அவை 16 தனிக் கோர்களில்தான் உட்கார்ந்திருக்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். எந்த இரண்டு விசிபியு ஒரே கோரைச் சேர்ந்தவை என்ற எண் வரிசை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில இடங்களில் 0உம் 1உம் ஒரு கோர், சில இடங்களில் 0உம் 16உம். தவறாகக் கட்டினால் 16 ரேங்கும் எட்டே கோரில் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரும், நீங்கள் தலைகீழான முடிவுக்கு வருவீர்கள். லினக்ஸின் எல்எஸ்சிபியு கட்டளையை விரிவான அட்டவணையோடு ஓட்டினால் கோர் எண் தெரியும். இந்தத் தலைவலியே வேண்டாமென்றால், மெஷினை உருவாக்கும்போதே கோருக்கு ஒரு த்ரெட் என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

பிறகு அதே மெஷினில் ஸ்ட்ரீம் என்ற மெமரிச் சோதனையை ஓட்டி, ட்ரையட் வரியில் வரும் எண்ணைக் கோர் எண்ணிக்கையால் வகுத்து உங்கள் ஆய்வக நோடின் எண்ணோடு ஒப்பிடுங்கள். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, எட்டு மெஷினிலும் தனித்தனியாக. எண்கள் மெஷினுக்கு மெஷின் பத்து சதவீதத்துக்கு மேல் மாறினால் அக்கம்பக்கத்துத் தொல்லை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக இரண்டு மெஷினுக்கு இடையே ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓஎஸ்யு தாமதச் சோதனை. 8 பைட் செய்திக்கு இன்ஃபினிபேண்டில் 1 முதல் 2 மைக்ரோவினாடி, அமேசானின் எச்பிசி நெட்வொர்க்கான இஎஃப்ஏவில் சுமார் 15, டிசிபியில் 30, 50 என்று போகும். அலைவரிசைச் சோதனை நன்றாக வந்தது என்று இதைத் தவிர்க்காதீர்கள்.

நான்காவதாக, முடிவு எழுதுவதை முழுக்க அணைத்துவிட்டு எட்டு மெஷினிலும் ஓட்டுங்கள். இதற்கு முன்பே உங்கள் பழைய பதிவுக் கோப்பில் ஒரு துப்பு கிடைக்கும். ஓப்பன்ஃபோம் ஒவ்வொரு படியிலும் எக்ஸிக்யூஷன்டைம், கிளாக்டைம் என்று இரண்டு நேரம் அச்சிடும். முதலாவது சிபியு செலவழித்த நேரம், இரண்டாவது சுவர்க் கடிகார நேரம். இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனால் வட்டுக்காகக் காத்திருக்கிறது என்பதே முதல் சந்தேகம். இடைவெளி இல்லாவிட்டால் வட்டு பெரும்பாலும் நிரபராதி. நெட்வொர்க் நிரபராதி என்று அர்த்தமில்லை. ரேங்குகளுக்கிடையே செய்தி கடத்தும் நூலகமான எம்பிஐ, செய்திக்காகக் காத்திருக்கும்போது கோரைச் சும்மா விடாமல் சுழலவிட்டுக்கொண்டே இருக்கும், அந்த நேரமும் சிபியு கணக்கில்தான் ஏறும். டாப் கட்டளையில் நூறு சதவீதம் காட்டுகிறது, ஆகவே எல்லா கோரும் உழைக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

அளந்து முடித்த பிறகு என்ன செய்வது என்றால், உங்கள் கணக்குக்கு என் பரிந்துரை எட்டு மெஷினைச் சீர்படுத்துவது அல்ல. ஒரே மெஷினுக்கு மாறுங்கள். 1.2 கோடி செல்லுக்கு மெமரி பத்து லட்சம் செல்லுக்கு 1 முதல் 2 ஜிபி என்ற கணக்கில் 25 ஜிபிக்குள் அடங்கும். அமேசானின் எச்பிசி7ஏ பெரிய அளவில் 192 கோர், 768 ஜிபி மெமரி. அஸ்யூரின் எச்பிவி4இல் 176 கோர். முதலாவதில் இரண்டு ஏஎம்டி சில்லுக்கும் சேர்த்து 4800 வேகத்தில் 24 மெமரி சேனல், ஏட்டளவில் வினாடிக்கு 921 ஜிபி. உங்கள் நான்கு நோடுகளின் மொத்தத்தில் தொண்ணூறு சதவீதம் ஒரே பெட்டியில். கூடவே 768 எம்பி எல்3 கேஷ். நெட்வொர்க்கே தேவையில்லை, என்எஃப்எஸ் வேண்டாம், மெஷினோடு இணைத்த வட்டில் எழுதி முடிந்ததும் நகலெடுக்கலாம். 192 ரேங்குக்கு 62,500 செல் வீதம் வரும். ஆய்வக நேரமான 6 மணிக்கு அருகில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். கேஷ் கைகொடுத்தால் அதற்கும் கீழே. இது எதிர்பார்ப்புதான், 200 காலப்படி ஓட்டினால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். எல்லா கோரையும் நிரப்பவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 96 ரேங்கில் ஓட்டியும் பாருங்கள், மெமரி அலைவரிசை நிறைந்துவிட்ட கணக்கில் வித்தியாசம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கலாம். கோர் எண்ணிக்கைக்கு உரிமக் கட்டணம் வாங்கும் வணிக மென்பொருள்களுக்கு இது பெரிய சேமிப்பு. அதற்காகவே இரு நிறுவனங்களும் அதே மெமரியோடு குறைந்த கோர் கொண்ட அளவுகளையும் வைத்திருக்கின்றன.

மாறும்போது இடறும் இடங்கள் சில. புதிய கிளவுட் அக்கவுண்டில் இந்த வகை மெஷின்களுக்கு ஒதுக்கீட்டு வரம்பு பெரும்பாலும் பூஜ்யமாகவோ மிகக் குறைவாகவோ இருக்கும். உயர்த்தக் கோரிக்கை வைத்துச் சில நாள் காத்திருக்க நேரிடலாம். வரம்பு கிடைத்தாலும் அந்த நேரத்தில் இருப்பு இல்லை என்று மெஷின் மறுக்கப்படலாம், இரண்டும் வேறு வேறு பிழைகள். இன்டெல் மெஷினில் அதன் கட்டளைத் தொகுதிக்கென்று தொகுத்த நிரலை ஏஎம்டியில் ஓட்டினால் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று விழலாம், ஓடும் மெஷினிலேயே தொகுங்கள். ரேங்க் எண்ணிக்கை மாறினால் மெஷ்ஷை மறுபடி பிரிக்கவேண்டும். பிரிக்கும் முன் ரீநம்பர்மெஷ் ஓட்டுவது இலவச லாபம், செல்களின் வரிசை சீராகி கேஷ் நன்றாகப் பயன்படும். ஒரே மெஷினில் இரண்டு எம்பிஐ வேலைகளைக் கோரோடு கட்டி ஒரே நேரத்தில் ஓட்டினால் இரண்டும் 0ஆம் கோரிலிருந்தே தொடங்கி ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். ஸ்லர்ம் போன்ற வரிசை மேலாளர் வழியாக ஓட்டினால் இது நேராது.

ஸ்பாட் பற்றி. பல மெஷினில் பிணைந்து ஓடும் எம்பிஐ கணக்கில் ஒன்றைப் பிடுங்கினாலும் மொத்தமும் விழும். ஆறு மணி நேரத்தில் ஒரு மெஷின் பறிபோகும் வாய்ப்பு 5 சதவீதம் என்று வைத்தால், எட்டும் தப்பும் வாய்ப்பு 66 சதவீதம்தான். மூன்றில் ஓர் ஓட்டம் பாதியில் நிற்கும். ஒரே மெஷின் என்றால் 95. ஆகவே ஒற்றை மெஷினுக்கு ஸ்பாட் நியாயமான தேர்வு, எட்டுக்கு இல்லை. எல்லா எச்பிசி வகையும் ஸ்பாட்டில் கிடைப்பதில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிடுங்கும் முன் அமேசான் 2 நிமிட முன்னறிவிப்பு தரும். கூகுளும் அஸ்யூரும் 30 வினாடி. 1 ஜிபியை எழுதி வெளியே பத்திரப்படுத்த 2 நிமிடம் தாராளம், 30 வினாடி நெருக்கடி. அறிவிப்பை நம்பாமல் சீரான இடைவெளியில் சேமிப்பதே பாதுகாப்பு. இடைவெளியைக் கணக்கிட யங் 1974இல் தந்த எளிய சூத்திரம் இன்றும் போதும்: ஒருமுறை சேமிக்க ஆகும் நேரத்தையும், சராசரியாக எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மெஷின் போகிறது என்பதையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுங்கள். சேமிக்க 20 வினாடி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறது என்றால் 13 நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கவேண்டும். கடைசி இரண்டு சேமிப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளும்படி அமைத்தால் வட்டு நிரம்பாது. ஒரேயொன்றை மட்டும் வைத்தால், எழுதும்போதே மெஷின் போனால் கையில் ஒன்றும் இருக்காது. முக்கியமாக, சேமிப்பு மெஷினோடு அழியும் உள்வட்டில் மட்டும் இருக்கக்கூடாது, பின்னணியில் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு (மெஷினுக்கு வெளியே இருக்கும் கிளவுட் சேமிப்புக்கு) நகலாகவேண்டும்.

இந்த ஒற்றை மெஷின் வழி உங்கள் அளவுக்குத்தான் பொருந்தும். மெஷ் 10 கோடி செல்லுக்குப் போனால் பல மெஷின் தவிர்க்க முடியாது, அப்போது நெட்வொர்க்கைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அமேசானில் எல்லா மெஷினையும் ஒரே கிளஸ்டர் பிளேஸ்மென்ட் குரூப்பில் (மெஷின்களை அருகருகே வைக்கும் அமைப்பில்), ஒரே சப்நெட்டில் வையுங்கள். செக்யூரிட்டி குரூப்பில் (எந்தப் போக்குவரத்தை விடலாம் என்ற விதித் தொகுப்பில்) அந்தக் குழுவிலிருந்து அதே குழுவுக்கு உள்ளேயும் வெளியேயும் எல்லாப் போக்குவரத்தையும் அனுமதியுங்கள். வெளியே எல்லாம் திறந்திருக்கிறதே என்று விட்டால் இஎஃப்ஏ வேலை செய்யாது, பல அமைப்புகளில் எம்பிஐ ஒரு வார்த்தை சொல்லாமல் டிசிபிக்கு இறங்கிவிடும், நீங்கள் விலை உயர்ந்த மெஷினில் மலிவான நெட்வொர்க்கை ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அஸ்யூரில் மெஷின்கள் ஒரே ஸ்கேல் செட்டிலோ அவைலபிலிட்டி செட்டிலோ (மெஷின்களைத் தொகுக்கும் குழுக்கள்) இல்லாவிட்டால் ஒன்றின் இன்ஃபினிபேண்ட் இன்னொன்றுக்குத் தெரியாது. கன்டெய்னருக்குள் ஓட்டினால் உள்ளே இருக்கும் எம்பிஐக்கு அந்த வன்பொருளின் நூலகம் தெரியவேண்டும், இல்லையென்றால் அதே மௌனச் சறுக்கல். இன்டெல் எம்பிஐயில் பிழைத்திருத்த அளவை 5 ஆக வைத்துத் தொடங்கினால் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தது என்று முதல் சில வரிகளிலேயே அச்சிடும். அந்த வரியில் இஎஃப்ஏ என்றோ, இன்ஃபினிபேண்டுக்கு எம்எல்எக்ஸ் என்றோ வராமல் டிசிபி என்று வந்தால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.